புதுசா பிளையிங் சேர்ற பசங்களுக்கு: டேக்ஆஃப்ல பைலட் தப்பு எங்க ஆரம்பிக்குது, எப்படித் தப்பிக்கிறது

பிளையிங்ல சேர்ந்தாச்சு, இல்ல சேரலாம்னு வீட்ல பேச்சு நடந்துட்டிருக்கு, அப்படி இருக்கிற நம்ம கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடு, சேலத்துப் பசங்களுக்குத்தானுங்க இது. டேக்ஆஃப்ல சின்ன விமானம் விழுந்துச்சுன்னா ரிப்போர்ட்டோட கடசியில பைலட் எரர்னு இருக்கும், அதப் படிச்சுட்டு நாமளும் பைலட்டு சரியில்லப்பான்னு சொல்லிட்டுப் போயிருவோம். ஆனா அதே ரிப்போர்ட்ட மொதல்ல இருந்து படிச்சுப் பாருங்க, நெறைய கேஸ்ல அந்தத் தப்பு ஆகாசத்துல நடந்திருக்காது, விமானம் பார்க்கிங்ல நிக்கும்போதே நடந்து முடிஞ்சிருக்கும். எடை போட்டுப் பாக்கல, வெய்யிலக் கணக்குல எடுக்கல, ஒரு கவரக் கழட்டல, இஞ்சின் நின்னா எங்க போறதுன்னு யோசிக்கல. மேல போனப்பறம் நடந்ததெல்லாம் அதோட பாக்கிதான்.

அதனால மொத நாள் ராத்திரியில ஆரம்பிச்சு ஆயிரம் அடி ஏறுற வரைக்கும் வரிசையாப் போலாம். நம்பர் சொல்ற எடத்துலெல்லாம் செஸ்னா 172 எஸ் மாடல வெச்சுத்தான் சொல்றேன், உங்க கிளப்புல வேற விமானமா இருந்தா அதோட பிஓஎச் புத்தகத்துல, அதாவது விமானம் செஞ்ச கம்பெனி பைலட்டுக்குக் குடுக்கற கையேட்டுல, என்ன போட்டிருக்கோ அதுதான் உங்களுக்கு வேதம், நான் சொல்றது இல்ல.

மொத நாள் ராத்திரி

இது சின்ன விஷயம். சரக்கு அடிச்சா 12 மணி நேரம் விமானத்துப் பக்கம் போகக்கூடாதுன்னு நம்ம நாட்டு விமானத் துறையக் கண்காணிக்கிற டிஜிசிஏவோட ரூல் இருக்கு, ஒறம்பரை ஊட்டுக் கல்யாணத்துக்கு மொத நாளு போயிட்டு வந்தேன்ங்கறதெல்லாம் அங்க எடுபடாது. சளிக்குப் போடுற மாத்திரையில பலது தூக்கம் வரவைக்கும், அதையும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோணும். வெய்யக்காலத்துல ஸ்லாட்டு விடியக்காலையில போடுவாங்க, அதுக்கு நாலு மணிக்கு எந்திரிக்கோணும்னா ஒம்பது மணிக்குப் படுக்கோணும், போன நோண்டிட்டு ஒரு மணிக்குப் படுத்துட்டு வந்தா இன்ஸ்ட்ரக்டருக்கு உங்க மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும்.

விமானத்தச் சுத்தி வரும்போது

வாக்அரவுண்டுன்னு சொல்லுவாங்க. புதுப் பசங்க இத கோயில் பிரதட்சணம் வர்ற வேகத்துல முடிச்சிருவாங்க. பண்ணாதீங்க. இங்க விட்டது எதுவும் மேல போய் சரி பண்ண முடியாது.

வேகம் காட்டுற மீட்டருக்குக் காத்து எடுத்துட்டுப் போற குழாய் பிட்டாட் டியூப். நம்ம பக்கம் குளவிக்கு ஓட்டை கெடச்சாப் போதும், மண்ண வெச்சு அடச்சிரும், நாலு நாளு விமானம் பறக்காம நின்னுச்சுன்னா கவர் போட்டிருந்தாங்களான்னு கேட்டுட்டுத்தான் ஏறோணும். சின்ன விமானத்துக்கு மட்டுமில்லீங்க இது, 1996 பிப்ரவரியில டொமினிக்கன் குடியரசுல பிர்கன்ஏர்னு ஒரு கம்பெனியோட போயிங் 757 விழுந்து 189 பேர் போனாங்க, பிட்டாட் டியூப்புல குளவி கூடு கட்டியிருக்கும்னுதான் விசாரணையில சொன்னாங்க. அதுல கவனிக்க வேண்டியது குளவி இல்ல. ரன்வேல ஓடும்போதே கேப்டன் பக்கத்து மீட்டர் வேல செய்யலன்னு தெரிஞ்சு போச்சு, தெரிஞ்சும் நிறுத்தல.

அதுக்கு நேர் எதிர்த் தப்பு, போட்ட கவரக் கழட்டாம போறது. 2018ல பிரிஸ்பேன்ல மலேசியா ஏர்லைன்ஸோட ஏர்பஸ் 330 ஒண்ணு பிட்டாட் கவரோடயே ஏறி, எப்படியோ பத்திரமா எறங்குச்சு. அத்தன பேர் பாத்த விமானத்துலயே அப்படின்னா காலைல ஆறு மணிக்கு தனியாளா சுத்தி வர்ற நீங்க எந்த மூலைக்கு.

பெட்ரோல்ல தண்ணி இருக்கான்னு வடிச்சுப் பாக்கறத ஒரு எடம்கூட விடாமப் பாக்கோணும். 172 எஸ்ல வடிக்கிற எடம் மொத்தம் 13, ஒவ்வொரு றெக்கைக்கும் கீழ 5, நடுவுல 3. ஒரு கப்புல நீலமா வந்துச்சு போதும்னு விடக்கூடாது, தண்ணி எந்த மூலையில தங்கியிருக்கோ. ஐப்பசி கார்த்திகை மழ முடிஞ்ச காலைல இன்னும் கவனமா.

அப்பறம் கன்ட்ரோல் லாக். நிறுத்தி வெச்ச விமானத்துல காத்துக்கு எலிவேட்டர் (மூக்க ஏத்தி எறக்க வால்ல இருக்கிற தட்டு) ஆடாம இருக்க ஒரு கம்பி சொருகி வெப்பாங்க. அதோடயே ஏறப் பாத்து செத்தவங்க ஒலகம் முச்சூடும் இருக்காங்க. 2014ல அமெரிக்காவுல பெட்ஃபோர்டுங்கற ஊர்ல ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட்டு லாக் எடுக்காமயே ரன்வேல ஓடி ஏழு பேர் போனாங்க. ரெக்கார்டர எடுத்துப் பாத்தா அதுக்கு முன்னாடி நடந்த 175 டேக்ஆஃப்ல நூத்துக்கு 98 தடவ முழு கன்ட்ரோல் செக் பண்ணவே இல்ல. ரெண்டு பேருமே அனுபவசாலிங்க. இத்தன நாளா விட்டதுக்கு ஒண்ணும் ஆகல, அதனாலேயே விட்டுட்டே இருந்திருக்காங்க. நீங்க பழக்கம் ஆரம்பிக்கிற எடத்துல இருக்கீங்க, அதனால சொல்றேன்: யோக்க, அதாவது கையில புடிக்கிற ஸ்டியரிங்க, முழுசா எடத்துக்கும் வலத்துக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளி, கண்ணு வெளிய றெக்கை மேலயும் வால் மேலயும் இருக்கோணும், கை தள்ளுன பக்கம் சரியா அசையுதான்னு. ஒருக்கா பார்க்கிங்ல, மறுக்கா டேக்ஆஃப் முன்னாடி.

உள்ள ஒக்காந்ததும் சீட்ட முன்னாடி பின்னாடி ஆட்டிப் பாருங்க. சிரிக்காதீங்க. பழைய செஸ்னாவுல சீட்டுத் தண்டவாளத்துல பின்னு சரியா விழாம, மூக்கு தூக்கும்போது சீட்டு பின்னாடி வழுக்கிட்டுப் போயி, பைலட்டு கையில புடிச்சிருந்த யோக்கும் கூடவே பின்னாடி வந்து, மூக்கு நட்டமா ஏறி ஸ்டால் ஆயிருக்கு, அதாவது றெக்கை தூக்கறத விட்டு விமானம் விழுந்திருக்கு. இதுக்குன்னே 1987ல அமெரிக்க விமானத் துறை அமைப்பு எஃப்ஏஏ கட்டாய உத்தரவு போட்டுச்சு.

எடை

நாலு சீட்டு இருக்கறதால நாலு பேரு ஏறலாம்னு நெனைக்கறதுதான் மொதத் தப்பு. 172 எஸ் தூக்கக்கூடிய மொத்த எடை 1,157 கிலோ. காலி விமானம் 760 கிலோ பக்கம் வரும், டேங்க் ரெண்டையும் ரொப்புனா இன்னொரு 144 கிலோ. மீதி எவ்வளவுன்னு நீங்களே கழிச்சுப் பாருங்க, 80 கிலோ ஆளு மூணு பேரு ஏறுனாத் தீந்துச்சு. நாலாவது ஆளு வேணும்னா பெட்ரோலக் கொறைக்கோணும்.

எடை எவ்வளவுங்கறத விட எங்க இருக்குங்கறது இன்னும் மோசம். எக்ஸெல் வண்டியில பின்னாடி ரெண்டு மூட்ட தீவனம் கட்டிட்டு மேடேறுனா ஹேண்டில்பாரு லேசாகி முன் சக்கரம் தரையில நிக்காதில்ல, அதேதான் இங்கயும், பின்பாரம் கூடுனா மூக்கு தானா மேல போகும், நீங்க அமுக்குனாலும் எறங்காது. 2001 ஆகஸ்ட்ல பஹாமாஸ்ல பாடகி ஆலியா போன செஸ்னா 402 அப்படித்தான் போச்சு, 300 கிலோவுக்கு மேல அதிக பாரம், அதுவும் பின்பக்கமா, ஏறுன கையோட விழுந்து ஒம்பது பேரும் போயிட்டாங்க.

இன்னொன்னு, எடை கேக்கறப்ப யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க. பெரியப்பா 75ன்னுதான் சொல்லுவாரு. தராசு வெச்சுக்குங்க.

வெய்யிலும் உசரமும்

நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம், நெம்ப நேரம் எடுத்துப் படிங்க. பிஓஎச்ல விளம்பரமாப் போடுற டேக்ஆஃப் தூரமெல்லாம் கடல் மட்டத்துல, 15 டிகிரியில எடுத்தது. கோயமுத்தூரு ஏர்போர்ட் கடல் மட்டத்துல இருந்து 1,300 அடிக்கு மேல இருக்கு, சேலம் காமலாபுரம் ஆயிரம் அடி பக்கம். 15 டிகிரிய நம்ம ஊர்ல மார்கழியில விடியக்காலம் தவிர எங்க பாக்கறது.

காத்து சூடாச்சுன்னா அடர்த்தி கொறையும், கொறஞ்சா மூணு எடத்துல அடி விழும்: றெக்கை தூக்கறது கொறையும், ப்ரொபெல்லர் இழுக்கறது கொறையும், இஞ்சினுக்கு மூச்சு கொறையும். இத ஒரே நம்பராச் சொல்றதுதான் டென்சிட்டி ஆல்டிட்யூடு. கணக்கு சுலபம். அந்த உசரத்துக்கு இருக்க வேண்டிய வெப்பநிலை என்னன்னு பாருங்க, 15ல இருந்து ஆயிரம் அடிக்கு 2 டிகிரி கழிங்க, கோவைக்கு 12.4 வரும். சித்திரை மத்தியானம் 37 டிகிரின்னா வித்தியாசம் 24.6. அத 120ஆல பெருக்குனா 2,950 அடி, அதோட 1,320 அடிய கூட்டுனா சுமார் 4,270 அடி. அதாவது பீளமேட்டுல நிக்கிற உங்க விமானம் வால்பாறைய விட உசரத்துல, ஏற்காட்டுக்குக் கொஞ்சம் கீழ நிக்கிற மாதிரிதான் நடந்துக்கும். உசரம் காட்டுற மீட்டர்ல 1,320 அடின்னுதான் காட்டும், ரன்வேயும் அதேதான், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, அதுதான் ஆபத்தே.

தூரத்துல எவ்வளவு கூடும்? பிரிட்டன் விமானத் துறை அமைப்பு சிஏஏ சின்ன விமானத்துக்கு ஒரு மனக்கணக்கு குடுத்திருக்கு: ஆயிரம் அடி உசரத்துக்கு நூத்துக்கு 10, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இன்னொரு 10, எடை நூத்துக்கு 10 கூடுனா தூரம் 20 கூடும், எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு பெருக்கி கடசீல பத்திரத்துக்கு 1.33ஆல பெருக்கோணும். 172 எஸ் கடல் மட்டத்துல 50 அடி உசரம் தாண்ட சுமார் 500 மீட்டர் கேக்கும். கோவையில 37 டிகிரியில அது 700 மீட்டராகும், பத்திரக் கணக்கும் சேத்தா 930. இது கிட்டத்தட்ட ரெண்டு பங்கு. பிஓஎச்ல இதுக்கு அட்டவணையே இருக்கு, அதுல உங்க எடைக்கும் வெப்பத்துக்கும் பாத்து எடுக்கறதுதான் சரி, மனக்கணக்கு எல்லாம் தப்பு இருக்கான்னு ஒத்துப் பாக்க. அட்டவணையில இருக்கறது புது இஞ்சினும் கை தேர்ந்த பைலட்டும், உங்க கிளப்பு விமானம் உங்க வயசா இருக்கும்ங்கறதயும் மறந்துறாதீங்க.

ரன்வே மூணு கிலோமீட்டர் இருக்குதே, 930க்கு என்ன பயம்னு கேப்பீங்க. நியாயம்தான், ரன்வே பத்தாம போகாது. ஆனா ஏர்றது மெதுவா இருக்கும், அந்த மெதுவுல தான் பசங்க பதறிப் போயி மூக்க இன்னும் தூக்குவாங்க, தூக்குனா வேகம் கொறையும், வேகம் கொறஞ்சா ஏர்றது இன்னும் கொறையும். விமானம் சோம்பலா ஏறுனா காத்து மேல பழியப் போட்டுட்டு வேகத்த 74 நாட்ஸ்ல (நாட்டுன்னா மணிக்கு ஒரு கடல் மைல்) புடிச்சுட்டு ஒக்காருங்க.

காத்து

வைகாசி கடசியில இருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்கால இருந்து அடிக்கிற காத்துக்குத்தான் பல்லடம், உடுமலை பக்கம் அத்தன காத்தாடி நட்டு வெச்சிருக்காங்க. கோவை ரன்வே தென்மேக்கு வடகெழக்கா கெடக்கு, அதனால அந்தக் காத்து முழுசா எதுக்கால வராது, சாய்வா வலது பக்கத்துல இருந்து வரும். 20 நாட்ஸ் மேக்காத்துன்னா அதுல 13 நாட்ஸ் குறுக்குக் காத்து. 172ல செஞ்சு காமிச்ச குறுக்குக் காத்து 15 நாட்ஸ், அதுவும் கம்பெனி பைலட்டு காமிச்சது, உங்க எல்லை எவ்வளவுன்னு இன்ஸ்ட்ரக்டர்கிட்ட எழுதி வாங்கிக்குங்க. பின்காத்து இன்னும் மோசம், பிஓஎச் கணக்குப்படி ஒவ்வொரு 2 நாட்ஸுக்கும் தூரம் நூத்துக்கு 10 கூடும், எதுத்த காத்து 9 நாட்ஸ் இருந்தாத்தான் அதே 10 கொறையும். பெரிய ஏர்பஸ் ஏறுன பின்னாடி உங்களுக்கு 2 நிமிஷம் காக்கச் சொல்லுவாங்க, நடு ரன்வேல இருந்து ஏறுனா 3 நிமிஷம், அவசரப்பட்டுப் போய் அந்தச் சுழல்ல மாட்டாதீங்க.

போகலாமா வேண்டாமா

1996 ஏப்ரல்ல அமெரிக்காவுல ஏழு வயசுப் புள்ள ஒண்ணு நாடு முச்சூடும் பறந்து சாதனை பண்ணுதுன்னு டிவிக்காரங்கெல்லாம் பின்னாடியே சுத்துனாங்க. ஷையன்ங்கற ஊரு, ஆறாயிரம் அடி உசரம், இடி மழ வந்துட்டிருக்கு, விமானத்துல அளவுக்கு மேல பாரம், அடுத்த ஊர்ல பேட்டி இருக்கு. இன்ஸ்ட்ரக்டர் கெளம்பிட்டாரு. ஏறி கொஞ்ச நேரத்துல ஸ்டால் ஆகி புள்ள, அப்பா, இன்ஸ்ட்ரக்டர் மூணு பேரும் போனாங்க. ஒவ்வொண்ணும் தனியா இருந்திருந்தா தப்பிச்சிருப்பாங்களோ என்னமோ. நீங்க மொதத் தடவ தனியாப் பறக்கற சோலோ அன்னிக்கு அம்மா அப்பா அத்தை மாமான்னு ஒரு வேன் ஆளு வேலிக்கு வெளிய நிக்கும். மேகம் கறுத்தா வேன தாட்டி விட்டுருங்க, அவங்க அன்னபூர்ணாவுல சாப்பிட்டுட்டு ஊருக்குப் போகட்டும்.

ரன்வேல நிக்கும்போது

ரன்அப்புன்னு ஏறுறதுக்கு முன்னாடி இஞ்சின ஓட்டிப் பாக்கறது 1,800 ஆர்பிஎம்ல, இஞ்சினுக்குப் பொறி குடுக்கற ரெண்டு மேக்னெட்டோவுல ஒண்ண அணைச்சா 150க்கு மேல விழக்கூடாது, ரெண்டுக்கும் வித்தியாசம் 50க்கு மேல கூடாது. கூடுனா திரும்பி வாங்க, மேல போனா சரியாயிரும்ங்கறது பொய். பெட்ரோல் செலக்டர் போத்ல (ரெண்டு டேங்கும்), மிக்ஸ்ச்சர் (காத்து பெட்ரோல் கலவை) பாத்தாச்சா, ஃபிளாப் (றெக்கைக்குப் பின்னாடி எறங்குற தட்டு) 10 டிகிரிக்குள்ள, டிரிம் டேக்ஆஃப்ல. செக்லிஸ்ட்ட மனப்பாடமா ஒப்பிக்காதீங்க, கையில வெச்சுப் படிங்க.

இப்ப வாய் விட்டு மூணு விஷயம் சொல்லோணும், பக்கத்து சீட்டு காலியா இருந்தாலும் சொல்லோணும். ஒண்ணு, எந்த எடத்துக்குள்ள எழும்பலன்னா நிறுத்துவேன். ரன்வேல பாதி தாண்டுறதுக்குள்ள எழும்புற வேகத்துல நூத்துக்கு 70 வரலன்னா நிறுத்துன்னு ஒரு பழைய ரூல் இருக்கு, சின்ன ரன்வேக்கு அது நல்ல ரூல், 172க்கு 55 நாட்ஸ்ல எழும்புறதுன்னா 38. ஆனா கோவையில பாதி ரன்வேங்கறது ஒண்ணரை கிலோமீட்டர், அது வரைக்கும் காத்திருந்தா அந்த ரூலுக்கே அர்த்தமில்ல. நீங்க போட்ட கணக்குல எந்த டாக்ஸிவே பக்கம் வருதோ அத அடையாளமா வெச்சுக்குங்க. ரெண்டு, ரன்வே மேலயே இருக்கும்போது இஞ்சின் போனா த்ராட்டில் மூடி நேரா எறங்குவேன். மூணு, ரன்வே தாண்டிப் போச்சுன்னா எதுக்கால எங்க எறங்குவேன்.

ஓடும்போது நாலு பார்வை: ஆர்பிஎம் 2,300 வந்துச்சா, ஆயில் பச்சையில இருக்கா, வேக முள்ளு அசையுதா, விமானம் நேராப் போகுதா. முழு த்ராட்டில் குடுத்தா மூக்கு எடது பக்கம் இழுக்கும், வலது கால அமுத்துங்க. முள்ளு அசையலையா, கதவு தொறந்துச்சா, மயிலு குறுக்க வந்துச்சா, ஒரே பதில்தான், த்ராட்டில மூடு. எழும்பினப்பறம் கதவு தொறந்தா மட்டும் கைய நீட்டிச் சாத்தப் போகாதீங்க, சத்தம் பயங்கரமா இருக்கும் ஆனா விமானம் பறக்கும், ஒரு சுத்து வந்து எறங்கிக்கலாம்.

சீக்கிரம் தூக்கிட்டா விமானம் எழும்பவும் செய்யும், தரைக்குப் பக்கத்துல இருக்கிற காத்து மெத்தையில மெதக்கும், றெக்கை முனைக்கு முனை 11 மீட்டர், அந்த உசரம் தாண்டுனதும் மெத்தை போயிரும், வேகம் இல்லன்னா திரும்பக் கீழ. டச் அண்ட் கோ, அதாவது எறங்கி நிக்காம அப்படியே மறுபடி ஏறுறது, பண்ணும்போது ஃபிளாப் முழுசா எறங்கியபடியே ஏறப் பாக்கறதும் இதே கதைதான்.

இஞ்சின் நின்னா

ஐநூறு அடியில இஞ்சின் நின்னுச்சு, பின்னாடி மூணு கிலோமீட்டர் ரன்வே கெடக்கு. கை தானா திரும்பத்தான் போகும். கணக்கப் பாருங்க. 180 டிகிரி திரும்புனா ரன்வேக்குப் பக்கத்துலதான் வருவீங்க, ரன்வே மேல இல்ல, இன்னும் திரும்பி மறுபடி நேராக்கோணும். என்ன ஆச்சுன்னு புரியவே மூணு நாலு செகண்டு போயிரும். சீக்கிரம் திரும்போணும்னு சாய்ச்சீங்கன்னா ஸ்டால் வேகம் ஏறும்: நேரா 48 நாட்ஸ்ல ஸ்டால் ஆகிறது 45 டிகிரி சாய்வுல 57, 60 டிகிரியில 68. சறுக்கிட்டு எறங்கறதுக்கு பிஓஎச் சொல்ற வேகமும் அதே 68தான். அதாவது சரியான வேகத்துல இருந்துட்டே விழுந்துருவீங்க. தப்பித் திரும்பிட்டாலும் இப்ப காத்து பின்னாடி இருக்கு.

அதனால மொத வேல மூக்க முன்னாடி தள்றது. யோசிக்காமத் தள்ளுங்க, ஏறிட்டிருந்த விமானம் இஞ்சின் நின்ன நொடியே வேகத்த விட ஆரம்பிச்சிரும். 68 வந்தப்பறம் எதுக்கால, எடது வலதுல முப்பது டிகிரிக்குள்ள எடம் பாருங்க. எந்த உசரத்துக்கு மேல திரும்பலாம்ங்கறத உங்க விமானத்துல, உங்க இன்ஸ்ட்ரக்டரோட, நல்ல உசரத்துல போய் செஞ்சு பாத்து ஒரு நம்பர் வெச்சுக்குங்க. அது வரைக்கும் ஆயிரம் அடிக்குக் கீழ திரும்பறதில்லன்னு வெச்சுக்குங்க.

எறங்கற எடத்த அன்னிக்கு மேல போய்த் தேடாதீங்க. ஒரு ஞாயித்துக்கெழம ரெண்டு ரன்வே முனையில இருந்தும் மூணு கிலோமீட்டர் மேப்புல பாருங்க, முடிஞ்சா வண்டி எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. கோவையில தென்மேக்க ஏறுனா சீக்கிரத்துல ஊரு வந்துரும். சேலத்துல காடு கரை இருக்கு, ஆனா நம்ம பக்கத்து வயக்காடு மேல இருந்து பாக்கறாப்ல இருக்காது, தோட்டத்துக்கு ஒரு கெணறு, சுத்துச்சுவர் இல்லாத கெணறும் உண்டு, வரப்பு ஓரம் கரண்டு கம்பி, தென்னந்தோப்புன்னா எறங்கவே எடமில்ல. உழுது போட்ட காட்ட விட அறுவடை முடிஞ்ச சோளக்காடு நல்லது, சால் இருந்தா சால் போற தெசையில எறங்கோணும். விமானம் ஒடஞ்சாப் பரவால்ல. றெக்கை மட்டமா, ஸ்டால் ஆகாம, கட்டுப்பாட்டோட தரையத் தொட்டவங்க எந்திரிச்சு நடந்து வந்த கேஸ் ஏகப்பட்டது இருக்கு.

ரிப்போர்ட் படிக்கிறது

மழைக்கு பிளையிங் கேன்சலான நாள்ல கேன்டீன்ல ஒக்காராம விமான விபத்த விசாரிக்கிற நம்ம ஏஏஐபியோட ரிப்போர்ட்டும் அதே வேல செய்யற அமெரிக்க என்டிஎஸ்பி ரிப்போர்ட்டும் எடுத்துப் படிங்க, ரெண்டுமே காசில்லாம கெடைக்கும். ஆரையும் குத்தம் சொல்றது விசாரணையோட நோக்கம் இல்லன்னு சர்வதேச விதியிலயே இருக்கு, அதனால நீங்களும் அந்தக் கண்ணோட படிக்கோணும். காரணம் எழுதுன கடசிப் பக்கத்த மூடி வெச்சுட்டு எடை, வெப்பநிலை, காத்து, ரன்வே நீளம் நாலையும் மொதல்ல தாள்ல எழுதுங்க. உங்க விமானத்துக்குப் போடுற மாதிரியே டேக்ஆஃப் தூரம் கணக்குப் போடுங்க. அந்தப் பைலட்டு எந்த எடத்துல நிறுத்தியிருக்கலாம்னு பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டு, அப்பறம் கடசிப் பக்கத்தத் தொறங்க.